ஆள் கணக்கு

நான் கப்பலில் போனவள் இல்லை. கப்பலுக்கு ஆள் அனுப்புகிறவள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் மேனிங் ஆபீசில் பத்தொன்பது வருடமாக வேலை. எங்கோ ஒரு கப்பல் முதலாளிக்கு ஒரு போசனும் (மாலுமிகளின் மேஸ்திரி) மூன்று ஏ.பி.யும் (தேர்ந்த மாலுமி) ஒரு சமையல்காரரும் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தால், சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகத்தைப் பார்த்து, மெடிக்கல் முடித்து, விசா வாங்கி, டிக்கெட் போட்டு, டர்பனிலோ சாண்டோஸிலோ நிற்கும் கப்பலின் ஏணியடி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பாடு. ஒன்பது மாதம் கழித்து இறக்கி வீட்டுக்கு அனுப்புவதும் எங்கள் பாடுதான். பையன்கள் என்னை அக்கா என்பார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு என் நம்பர் மனப்பாடம்.

2020 ஜூலையில் ஒரு ராத்திரி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டான். ஏ.பி.யாகப் போனவன். ஒன்பது மாத காண்ட்ராக்ட்டில் ஏறி, பதினான்காவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்காகத் துறைமுகங்கள் கதவைச் சாத்திவிட்ட நேரம். சரக்கை இறக்க விடுவார்கள், ஆளை இறங்க விட மாட்டார்கள். அந்த வருடக் கடைசியில் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் கடலோடிகள் காண்ட்ராக்ட் முடிந்தும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டிருந்ததாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்குச் சொன்னது. ரிலீவர் என்றால் அவனுக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள். வழக்கமாக அவன் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ரிலீவர் கெடச்சாச்சா?" அன்றைக்கு வேறு ஒன்று கேட்டான். "அக்கா, இந்தக் கப்பல் ஓடணும்னா கம்மியா எத்தன பேரு வேணும்?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, குறைந்தபட்சம் எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் இருந்தால் கடலில் போகலாம் என்று கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, எழுதிக் கொடுப்பது. அந்தக் கப்பலுக்கு 14. ஏறியிருந்தவர்கள் 21. ரிலீவர் கிடைக்காவிட்டால் எத்தனை பேர் வரை குறைத்து ஓட்டலாம் என்று முதலாளி தரப்பிலிருந்து கேட்டு வந்த மின்னஞ்சலுக்கு அன்று காலையில்தான் பதில் அனுப்பியிருந்தேன். அதாவது எண் எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அவன் அதை வைத்துத் தான் இறங்க முடியுமா என்று பார்த்தான், அவர்கள் அதை வைத்துச் செலவு குறையுமா என்று பார்த்தார்கள். நான் சொன்ன பதில்: "அதெல்லாம் நம்ம கையில இல்லப்பா. அடுத்த போர்ட்டுல பாப்போம்." அவன் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஒரு எண்ணைக் கேட்டவனுக்கு ஆறுதல் சொல்லி வைத்தேன்.

அந்த வாரமே இன்னொரு பேச்சு. வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்தபோது என் தங்கை மகன் ஏதோ ஒரு காணொளி பார்த்துவிட்டு வந்து, "அந்தக் காலத்துக் கப்பல்காரங்க வேற மாதிரி பெரியம்மா. கடல் மேல பைத்தியம். மரக்கப்பல்ல உலகத்தையே சுத்தினாங்க. இப்ப மாதிரி எப்ப எறங்கலாம்னு போன் பண்ணிக்கிட்டா இருந்தாங்க?" என்றான். பதின்வயதுப் பையன், சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. ஆள் எடுக்கிறவளிடம் வந்து, ஆசைப்பட்டுக் கடலுக்குப் போனார்கள் என்று சொன்னால் எப்படி நம்புவது? பத்தொன்பது வருடத்தில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் கடல் மேல் பைத்தியம் பிடித்து வந்தவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்லலாம். இரண்டு பேருமே முதல் காண்ட்ராக்ட்டோடு நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், அப்பாவின் ஆபரேஷன் என்று வந்தவர்கள். அவர்கள்தான் திரும்பத் திரும்பப் போகிறார்கள். தூக்கம் வராத ராத்திரிகள் நிறைய இருந்ததால், அந்தக் காலத்துக் கடற்பயண நாட்குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் அதில் புதுக் கரைகளைத் தேடுவார்கள். நான் ஆள் கணக்கைத் தேடினேன்.

நாலு மாத அட்வான்ஸ்

முதலில் கண்ணில் பட்டது மெகல்லனின் கப்பல்கள். 1519இல் ஸ்பெயினின் செவில் நகரத்திலிருந்து ஐந்து கப்பல், சுமார் 240 பேர். அந்த ஆட்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பெயர், பதவி, சொந்த ஊர், அப்பா அம்மா பெயர், கல்யாணமானவன் என்றால் மனைவி பெயர். நான் தினமும் நிரப்புகிற அதே கட்டங்கள்! டிரினிடாட் என்ற தலைமைக் கப்பலின் பீரங்கித் தலைவர் ஆண்ட்ரூ, ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல். மனைவி செவில் நகரத்துக்காரி. ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஹான்ஸ், பீரங்கிக்காரர். கிரேக்கர்கள், ஜெனோவாக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், பாஸ்க் நாட்டுக்காரர்கள், போர்த்துகீசியர்கள். மெகல்லனின் அடிமையாக மலாக்காவிலிருந்து வந்த என்ரிக்கும் அதில் உண்டு.

ஸ்பெயின் ராஜா பணம் போட்ட பயணத்தில் ஏன் இத்தனை வெளியூர்க்காரர்கள்? ஸ்பெயின்காரர்கள் வரவில்லை, அவ்வளவுதான். தெருவில் முரசறைந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். மலகா, காதிஸ் என்று மற்றத் துறைமுகங்களுக்கு ஆள் அனுப்பித் தேடினார்கள். சம்பளம் குறைச்சல், போகிற இடம் எதுவென்று தெளிவாகச் சொல்லவும் இல்லை. போர்த்துகீசியர்களை அதிகம் சேர்க்காதே என்று ராஜாவிடமிருந்து உத்தரவு வேறு, மெகல்லனே போர்த்துகீசியர் என்பதால் வந்த சந்தேகத்தில். மாலுமிக்கு மாதம் 1,200 மரவேதி (அந்தக் காலத்து ஸ்பெயின் காசு), பயிற்சிக்காரப் பையன்களுக்கு 800, சின்னஞ்சிறு எடுபிடிப் பையன்களுக்கு 500. இதில் நாலு மாதச் சம்பளம் முன்பணம். அந்த முன்பணம்தான் ஆளைக் கப்பலில் ஏற்றியது என்று நான் அடித்துச் சொல்வேன். வாங்கியதைக் குடும்பத்துக்குக் கொடுத்திருப்பார்கள், கடனை அடைத்திருப்பார்கள், குடித்தும் தீர்த்திருப்பார்கள். எங்கள் தொழிலில் இன்றைக்கு அலாட்மென்ட் என்று ஒன்று உண்டு, சம்பளத்தில் ஒரு பங்கு நேராக வீட்டுக்குப் போய்விடும். மாதம் பிறந்து மூன்று நாள் தாமதமானால் கடலில் இருக்கிறவன் கூப்பிட மாட்டான், அவன் அம்மாதான் கூப்பிடுவாள். மூன்று வருடம் கழித்து 1522 செப்டம்பரில் விக்டோரியா என்ற ஒரே கப்பல் 18 பேரோடு திரும்பியபோது, மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் சம்பளப் பாக்கிக்கு அலைந்த கதை இருக்கிறதே, அதை மட்டும் தனியாக எழுத வேண்டும்.

போர்த்துகலின் பாடு இன்னும் மோசம். ஊர் சின்னது, கப்பல் அனுப்ப வேண்டிய தூரம் பெரியது. ஒருமுறை போன மாலுமிகளில் பாதிப் பேர் திரும்பாவிட்டால் அடுத்த முறைக்கு ஆள் எங்கே? வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். 1505இல் ழுவாவோ ஓமெம் என்ற தலைவருடைய கப்பலில் இருந்தவர்களுக்குக் கப்பலின் இடப்பக்கம் எது வலப்பக்கம் எது என்று சொன்னால் புரியவே இல்லையாம். கட்டளை இட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பக்கத்தில் வெங்காயக் கொத்தும் மறு பக்கத்தில் பூண்டுக் கொத்தும் கட்டித் தொங்கவிட்டு, 'சுக்கானை வெங்காயத்துப் பக்கம் திருப்பு, பூண்டுப் பக்கம் திருப்பு' என்று ஓட்டினார்களாம். இதைப் படித்துவிட்டு ஆபீசில் எல்லோருக்கும் சொன்னேன். போலிச் சான்றிதழோடு வந்து, நங்கூரச் சங்கிலியைப் பார்த்து "இது எதுக்கு சார்?" என்று கேட்டவனைப் பற்றி எங்கள் சீனியர் ஒரு கதை வைத்திருக்கிறார். வெங்காயம் கட்டுகிற யோசனை மட்டும் அப்போது தெரியாமல் போய்விட்டது.

ஒரு கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்

ஆனால் என்னை உட்கார வைத்தது வாஸ்கோடகாமாவின் முதல் பயணம். நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் 1498, கோழிக்கோடு என்று ஒரு வரியில் முடிந்துபோனது. அந்தப் பயணத்தில் போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அல்வாரோ வெல்யோ என்பவர் எழுதியிருக்கலாம் என்கிறார்கள், நிச்சயமில்லை. செவில் பட்டியல் போல இந்தப் பயணத்துக்கு முழு ஆள் பட்டியல் இல்லை. 150 பேர் என்கிறவர்களும் உண்டு, 170 என்கிறவர்களும் உண்டு.

1497 ஜூலை 8இல் லிஸ்பனிலிருந்து நாலு கப்பல் கிளம்பியது. சாவோ கேப்ரியலில் காமா, சாவோ ரஃபேலில் அவருடைய அண்ணன் பாவுலோ, சின்னதான பெர்ரியோவில் நிக்கோலாவ் கொயெல்யோ, அப்புறம் சாமான் ஏற்றிய ஒரு கப்பல். சாமான் கப்பலை ஆப்பிரிக்காவின் தென்கோடி தாண்டியதும் பிரித்துப் போட்டுவிடுவது முதலிலேயே போட்ட திட்டம். ஆட்களில் பத்துப் பன்னிரண்டு பேர் தண்டனைக் கைதிகள். எந்தக் கரையில் அம்பு வருமா விருந்து வருமா என்று தெரியவில்லையோ, அங்கே முதலில் இறக்கிவிடுவதற்காகவே கொண்டுபோனவர்கள். கோழிக்கோட்டு மண்ணில் முதலில் கால் வைத்தது காமா அல்ல, அப்படி ஒரு கைதி. கரையில் அவனைச் சந்தித்த துனிஸ் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர், அவனுக்குப் புரிகிற மொழியிலேயே, 'உன்னைப் பேய் கொண்டுபோக, இங்கே எப்படியடா வந்து சேர்ந்தாய்?' என்ற அர்த்தத்தில் வரவேற்றிருக்கிறார்கள். என் பார்வையில் அந்தக் கைதியும் ஒரு பதவிதான். செத்தால் ஆள் கணக்கில் குறையாத பதவி.

பாய்க்கப்பலுக்கு இத்தனை பேர் எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. சுமார் நூறு டன் கப்பல், இன்றைய கணக்கில் ஒரு பொம்மை. தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக, இருந்த என் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓட்டியவர், எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். போனில் கத்தித்தான் பேச வேண்டும். "பாயி கனம் தெரியுமா உனக்கு? நனைஞ்ச பாயி? பருமலோட ஏத்தி எறக்க எத்தன கை வேணும்? நங்கூரம் தூக்க எத்தன கை? சுக்கான்ல ஒருத்தன் நிக்கணும். அவன் தூங்க இன்னொருத்தன் வேணும். மரம்னா தண்ணி கசியும் பிள்ள, எறச்சுக்கிட்டே இருக்கணும். காத்து கெட்டா எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்யணும்" என்றார். பருமல் என்பது பாய் கட்டுகிற குறுக்கு மரம். ஆக, நல்ல நாளைக்குப் பாதிப் பேர் போதும். கெட்ட நாளைக்கு எல்லோரும் வேண்டும். கெட்ட நாள் எதுவென்று முன்கூட்டித் தெரியாததால் எப்போதும் எல்லோரும் வேண்டும். அதோடு வழியில் சாகப் போகிறவர்களுக்கும் சேர்த்து ஆள் எடுத்தார்கள். எழுதி வைக்கவில்லை என்றாலும் கணக்கு அதுதான்.

சாவு ஸ்கர்வியில் வந்தது, பழமும் காய்கறியும் இல்லாமல் வருகிற நோய். 1498 ஜனவரியில், இன்றைய மொசாம்பிக் கரையில் ஒரு ஆற்று முகத்தில் 32 நாள் தங்கிக் கப்பலைச் சுரண்டிப் பழுது பார்த்தபோது, பல பேருக்குக் கையும் காலும் வீங்கின. ஈறு தடித்துப் பல்லை மூடி வளர்ந்ததால் சாப்பிட முடியவில்லை என்று நாட்குறிப்பு சொல்கிறது. அப்புறம் வடக்கே போகப் போக ஆரஞ்சு கிடைத்தது. மொம்பாசாவுக்குச் சற்று முன்னால் ஒரு விடியற்காலையில் சாவோ ரஃபேல் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்து கப்பல் தரைதட்டி நிற்கையில், உள்ளூர்க்காரர்களின் ஓடம் ஒன்று ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தது. போர்த்துகல் ஆரஞ்சை விட நல்ல ஆரஞ்சு என்று எழுதி வைத்திருக்கிறார். மொம்பாசாவில் நோயாளிகள் எல்லோரும் தேறினார்கள். காரணம், அந்த ஊர்க் காற்று நல்ல காற்று என்றும் எழுதியிருக்கிறார்! கையில் தோலோடு பழம், புகழ் காற்றுக்கு.

மொம்பாசாவுக்கு வடக்கே மலிந்தி என்ற துறைமுகத்தில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டி 23 நாளில் அவர்களை அரபிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து மலபார்க் கரையைக் காட்டிவிட்டார். அவர் யார் என்பதில் இன்றும் சண்டை, அது இங்கே வேண்டாம். வந்த வழி அவ்வளவு சுலபம். திரும்பிய வழி?

கோழிக்கோட்டு ராஜாவான ஜாமோரினோடு பேச்சு சரிவராமல் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி, கார்வார் பக்கத்து அஞ்சதீவில் தங்கி, அக்டோபர் 5இல் பாய் விரித்தார்கள். இந்தத் தேதியைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "எந்த மாசம்?" என்று இரண்டு தடவை கேட்டார். "புரட்டாசியிலயா? கச்சான் செத்துருக்கும், வாடை இன்னும் விழுந்திருக்காது. அப்பப் பாயை விரிச்சா நடுக்கடல்ல உக்கார வேண்டியதுதான். அவசரம் யாருக்கு?" கச்சான் மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று, வாடை வடக்கிலிருந்து வருவது. காமாவின் ஆட்களுக்கு அவசரம்தான். கூடவே அந்தக் கடலின் பருவமும் தெரியாது. 23 நாளில் வந்த கடலை மறுபடி கடக்க மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவாக ஆனது. காற்றே இல்லை, இருந்தால் எதிர்க்காற்று. மறுபடியும் ஈறு வீங்கியது. அந்தக் கடலில் மட்டும் 30 பேர் செத்தார்கள், அதற்கு முன்னால் செத்தவர்கள் இன்னொரு 30. அப்புறம்தான் அந்த வரி வருகிறது: ஒவ்வொரு கப்பலையும் ஓட்ட ஏழெட்டுப் பேர்தான் மிச்சம், அவர்களும் சரியான உடம்போடு இல்லை. இன்னும் இரண்டு வாரம் அப்படியே போயிருந்தால் ஓட்ட ஆளே இருந்திருக்காது.

படித்துவிட்டு மடிக்கணினியை மூடி வைத்தேன். ஏழெட்டு. அதுதான் அந்தக் கப்பலின் குறைந்தபட்ச எண், யாரும் சான்றிதழில் எழுதிக் கொடுக்காமல் கடலே எழுதிக் கொடுத்தது. என் தங்கை மகன் சொன்ன கடல் பைத்தியங்கள் என்ன செய்தார்கள் என்றால், கட்டுப்பாடு எல்லாம் குலைந்து, இருக்கிற புனிதர்களுக்கெல்லாம் நேர்ந்துகொண்டார்கள். தலைவர்கள் கூடிப் பேசி, சாதகமான காற்று கிடைத்தால் இந்தியாவுக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். போன் இருந்திருந்தால் கண்டிப்பாக யாருக்காவது போட்டிருப்பார்கள்.

ஒரு கப்பலைக் கொளுத்தியது

1499 ஜனவரி 2இல் ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது. 7இல் மலிந்தி. நோயாளிகள் ஆரஞ்சு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நாட்குறிப்பில் அவர்கள் அதற்கு ரொம்ப ஆசைப்பட்டதாக இருக்கிறது. போன வருடம் தின்று தேறிய உடம்பு, அதற்கு மறக்கவில்லை. மருத்துவம் அதை ஒத்துக்கொள்ள இன்னும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு ஆனது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளைப் பிரித்து வைத்துச் சோதித்தார், 1795இல்தான் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ரேஷனாகக் கொடுக்க ஆரம்பித்தது. காமா ஆளனுப்பி ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது, பலர் மலிந்தியிலேயே செத்தார்கள். இந்த முறை பழி ஊர்க் காற்றின் மேல்.

ஐந்து நாள் கழித்துக் கிளம்பி, ஜனவரி 13இல் முன்பு சாவோ ரஃபேல் தரைதட்டிய அதே மணல் திட்டுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். அங்கே வைத்து அந்தக் கப்பலையே கொளுத்தினார்கள். மிஞ்சியிருக்கிற ஆட்களை வைத்து மூன்று கப்பலை ஓட்ட முடியாது என்பதுதான் காரணம், நாட்குறிப்பு ஒளிக்காமல் சொல்கிறது. புயல் இல்லை, சண்டை இல்லை. பதினைந்து நாள் அங்கே இருந்து சாமானையெல்லாம் மற்ற இரண்டு கப்பலுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் கோழி கொண்டுவந்து சட்டைக்கும் வளையலுக்கும் மாற்றிக்கொண்டு போனார்கள். செத்தவர்களுடைய சட்டைகளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுத்த தேவதூதர் ரஃபேலின் மரச்சிலையைக் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள். அது இன்றைக்கும் லிஸ்பனின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றேன். பொதுவாக இதைத் தோல்வியாக, பயணத்தின் சோகமான கட்டமாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த இரண்டு வருடப் பயணத்தில் ஆட்களைப் பற்றி எடுத்த ஒரே புத்தியுள்ள முடிவு அதுதான் என்று பட்டது. ஆள் இத்தனை, ஆகவே கப்பல் இத்தனை. என் தொழிலில் கணக்கு எப்போதும் மறுபுறம் ஓடும். கப்பல் இத்தனை, சரக்கு இத்தனை, தேதி இது, இதற்குள் ஆளை நீட்டு. ஒன்பது மாதக்காரனைப் பதினைந்து மாதத்துக்கு நீட்டு, 21 பேர் வேலையை 18 பேருக்கு நீட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஆள் பற்றவில்லை, அதனால் ஒரு கப்பலை நிறுத்துகிறோம் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வந்ததில்லை. மனிதன் நீள்வான் என்று எல்லோருக்கும் தெரியும். இரும்பு நீளாது.

ஆபீஸ் சீனியரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபது பேரை முழுங்கிட்டு அப்புறம் கணக்குப் போட்டதுக்குப் பேர் புத்தியாம்மா?" என்றார். நியாயம்தான். வேறு வழி இருந்திருந்தால் காமா கொளுத்தியிருக்க மாட்டார். அந்தக் கப்பலின் தலைவர் பாவுலோ தம்பியின் கப்பலுக்கு மாறினார், உடம்பு சரியில்லாமல் அசோர்ஸ் தீவுகள் வரை வந்து டெர்சேராவில் செத்தார். கிளம்பியவர்களில் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 55 பேர். கொண்டுபோன மிளகுக்குக் கிடைத்த வரவேற்பில் யாரும் இந்தக் கணக்கைப் பெரிதாகப் பேசவில்லை, 1500 மார்ச்சில் அடுத்த படை 13 கப்பலோடு கிளம்பிவிட்டது.

காமாவை நல்லவராக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. 1502இல் மறுபடி வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரைக் கப்பல் ஒன்றை மலபார்க் கடலில் பிடித்து, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தியவர் அவரேதான். முதல் முறை ஆள் இல்லாத கப்பலை எரித்தார், மறுமுறை ஆளோடு எரித்தார். இந்த இரண்டையும் ஒரே மனிதரின் கணக்கில் எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. தன் ஆட்களின் தலையை எண்ணத் தெரிந்தவர் மற்றவர்களின் தலையை எண்ணவில்லை என்று சொல்லலாம். சொல்வதற்கு நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ராமநாதபுரத்துப் பையன் பதினாறாவது மாதம் இறங்கினான். மூன்று விமானம் மாறி, ஒரு வாரம் ஓட்டல் அறையில் அடைந்து கிடந்து, மதுரையில் இறங்கியதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். தாடியும் வெள்ளைச் சிரிப்புமாக அவன், பக்கத்தில் அவன் அம்மா. அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், "நல்லா இருக்கணும் தாயி" என்றாள். அது திட்டியதை விட மோசமாக இருந்தது. இரண்டு மாதம் ஊரில் இருந்தான். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதி பாக்கி என்று அவனுடைய நண்பன் மூலமாகத் தெரிந்தது.

2021 தொடக்கத்தில் ஒரு நாள் ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டான். கப்பல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஒன்று இருந்தது. பல்க் கேரியர், ஏ.பி. வேலை, ஒன்பது மாதம், ஏறுவது சிங்கப்பூரில். சம்பளம் சொன்னேன். எந்தப் பக்கம் ஓடுகிற கப்பல் என்று கேட்டான், சொன்னேன். அப்புறம் அவன் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்: "இப்ப இருபது பேர் இருக்காங்கப்பா. சர்டிபிகேட்ல பதினாலுன்னு போட்டிருக்கு."

லைனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"பதினாலா" என்றான். "சரிக்கா. டிக்கெட் எப்ப போடுவீங்க?"